பின்சீட்டில் ஒரு பெரியவர்

மலைமேல், திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊர்க்கூட்டம் பேட்டரி வண்டிக்கு ஒரு சட்டம் போட்டது. அதை முழுதாகக் கடைப்பிடித்தவர் பக்கத்து வீட்டுப் பானுமதியக்கா ஒருவர்தான். இந்த மாசியில் காய்ச்சலில் போய்விட்டார்.

கணவர் திருப்பூருக்குப் போனவர், திரும்பவில்லை. அக்காவுக்கு இருந்தது ஒரு துண்டு மிளகுத் தோட்டமும் கோகிலா என்ற மகளும். கோகிலா செம்மேட்டில் பதினொன்றாம் வகுப்பு. ஊருக்குப் பஸ் வராது. பேட்டரி வண்டி வாங்கிய பிறகுதான் அவள் நேரத்துக்கு வகுப்பில் உட்கார்ந்தாள்.

அப்போது வாசலூர்பட்டி படகுத்துறையில் இரண்டு பையன்கள் கையை விட்டு வண்டி ஓட்டி, சுற்றுலா வந்த ஒருவர்மேல் மோதினார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கையிலிருந்த அன்னாசித் துண்டுகள்தான் சிதறின. ஆனாலும் அவர் போட்ட சத்தத்தில் எங்கள் ஊர்க்கூட்டம் கூடியது. தலைவர் அர்த்தனாரி, அக்காவின் கூடப்பிறந்த அண்ணன்.

அரசாங்கமே லைசென்ஸ் கேட்காத வண்டிக்குக் கூட்டம் அரை நாளில் சட்டம் கண்டது: பதினெட்டு வயது ஆகாதவர் ஓட்டினால், பின்சீட்டில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். மீறினால் வண்டி கோயில் மண்டபத்தில் நிற்கும். மண்டபத்தில் சார்ஜ் போட வசதி உண்டா என்று ஒருவர் கேட்டார். அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

“ஏனுங்கண்ணா, கைய உட்டு ஓட்டுனது பசங்க. எம்புள்ள என்ன பண்ணுச்சு?” என்றார் அக்கா.

“தங்கச்சி மகளுக்குன்னு தனியா ஒண்ணு போட்டா ஊரு என்னைய என்ன சொல்லும் பானு?”

“அப்பப் பெரியவங்கன்னா நானுங்களா?”

“நீதான்.”

“செரீங்க.”

பையன்கள் எப்போதும்போல ஓட்டினார்கள். கூட்டத்துக்காரர் எதிரே வந்தால் இறங்கித் தள்ளினார்கள். தள்ளுகிற வண்டிக்குச் சட்டமில்லை. அக்கா மட்டும் மறுநாள் காலை சேலையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினார்.

மேட்டில் அந்த வண்டி இரண்டு பேரை இழுக்காது. அக்கா இறங்கித் தள்ளுவார், உச்சியில் மறுபடி ஏறிக்கொள்வார். சாயங்காலம்வரை பள்ளி வாசலில் சில்வர் ஓக் மரத்தடியில் மிளகு உதிர்த்துக்கொண்டிருப்பார்.

“இதென்னக்கா உங்களுக்கு வேலை?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வண்டிக்கு நாந்தான் பிரேக்கு, கண்ணு” என்றார்.

சட்டம் வந்த பின் விபத்தே இல்லை என்று அர்த்தனாரி ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். தங்கையையே உதாரணம் காட்டினார். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அக்கா வீட்டில் இருந்தார்.

அக்காவின் காரியம் முடிந்ததும் கோகிலா வண்டியைத் துடைத்து வெளியே எடுத்தாள். பின்சீட்டுக்கு ஆள் இல்லை. படிப்பு நின்றுவிடும் என்று பயந்து, சட்டத்தை எடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள்.

“அவ தள்ளிட்டுப் போனப்ப எடுக்கலை. இப்ப எடுத்தா, அவ எதுக்குத் தள்ளுனான்னு ஆயிரும்” என்றார் அர்த்தனாரி.

“அப்பப் புள்ள பள்ளிக்கொடம் போறதுங்க?” என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“தாய்மாமன் நானிருக்கறனுல்ல.”

அவர் நல்ல கனம். வண்டி சமதளத்திலேயே முனகியது. முதல் மேட்டில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினார். பாதியில் மூச்சு வாங்க நின்றார்.

“இங்க நிக்கக்கூடாதுங்க மாமா” என்றாள் கோகிலா. “அம்மா நிக்க மாட்டாங்க. நின்னா வண்டி பின்னால வந்துரும்.”

அவர் மறுபடி தோளைக் கொடுத்தார். இப்போதும் தினமும் கொடுக்கிறார். முழுப்பரீட்சை லீவு எப்போது விடுவார்கள் என்று மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரிக்கிறார்.