நானாவின் அலுமினிய ஆப்பம்

எழுபதுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வந்து இறங்காத காலம். திருகோணமலைத் துறைமுகத்தடியில், மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்தும் சின்னப் பட்டறை ஒன்றில் வேலை செய்தனான். வேலையைவிட என் வாய்ப்பேச்சுத்தான் கூட.

என்னோடு வேலை செய்த முஸ்லிம் அண்ணரை எல்லாரும் நானா என்போம்; கிண்ணியாக்காரர். வார்ப்பு வேலை அவருடையது. கப்பியில் தூக்கிய எஞ்சின் தவறி விழுந்தால் தாங்கட்டும் என்று கீழே மரக்கட்டைகள் வைப்போம். ஒருமுறை அப்படி விழுந்து, கட்டை பிளந்து தெறித்துச் சுவரை உடைத்தது. இரும்பை வைத்தால் எஞ்சினே விரிசல் விடும். ரப்பருக்கு எங்கே போவது?

நானா நிலாவெளி உப்பளத்துக் கல்லுப்பைக் கொண்டுவந்து, ஈரம் போக வறுத்து, சூட்டோடு அச்சில் நிரப்பினார். உருக்கிய அலுமினியத்தை மேலே ஊற்றி அழுத்தினார். ஆறியதும் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் தொங்கவிட்டார். உப்பெல்லாம் கரைந்த பிறகு, உடம்பு முழுக்க ஓட்டையாய், தூக்கினால் பாரமே இல்லாத கட்டி ஒன்று வந்தது. சுத்தியலால் ஓங்கி அடித்தார். சுத்தியல் துள்ளவில்லை, கட்டி பிளக்கவில்லை; அடித்த இடம் மட்டும் அமுங்கியது.

எனக்குப் பகிடிக்கு ஒரு சாமான் கிடைத்தது. அவர் கயிற்றை இழுத்துப் பார்க்கிற நேரமெல்லாம், "நானா, ஆப்பம் வெந்திட்டுதோ?" என்று கேட்பேன். பட்டறையே சிரிக்கும். அவரும் சிரித்துவிட்டு அடுத்த கட்டியை வார்க்கப் போவார்.

மாரிகாலத்தில் ஒரு பின்னேரம். மற்றவர்கள் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்கள். எஞ்சின் கப்பியில் தொங்கியது. கீழே நாலு மூலையிலும் இரும்புக் கால்கள், அவற்றின் மேல் நானாவின் ஆப்பங்கள். அடியில் ஒரு திருகாணியை இறுக்க அவர் மல்லாந்து உள்ளே போனார். திடீரெனக் கப்பி வழுக்கிச் சங்கிலி கடகடவென்று ஓடியது. எஞ்சின் விழுந்தது.

நான் பாய்ந்து அவரைக் காப்பாற்றினேன் என்று எழுத ஆசைதான். பாய்ந்தது உண்மை, வாசலால் வெளியே, கொட்டுகிற மழையில், ஒற்றைச் செருப்போடு. பிள்ளையாரைக் கூப்பிட்டேன், மாதாவைக் கூப்பிட்டேன், அல்லாவையும் விடவில்லை. கையில் எப்படியோ தீயணைக்கிற மணல் வாளி. விழுந்த எஞ்சினுக்கு மணல் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "தம்பி, ஓடாதீங்க. ஆப்பம் தாங்கிட்டுது. ஜாக்கை எடுத்து வாங்க."

திரும்ப உள்ளே ஓடிக் குனிந்து பார்த்தேன். கட்டிகள் நாலும் பாதிக்கு மேல் நசுங்கியிருந்தன. எஞ்சின் அவருடைய சட்டைப் பொத்தானைத் தொட்டபடி நின்றது. நிறைய மூச்சிழுக்கக்கூட இடமில்லை. இருந்த மூச்சில்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஜாக்கை வைத்துத் தூக்கி, அவரை வெளியே இழுத்தேன். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம்.

திரும்பி வந்தவர்கள், வாசலில் கிடந்த வாளியையும் என் ஒற்றைச் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவன் சிரிக்க வாயெடுத்தான். "மணலை நான்தான் கேட்டன்" என்றார் நானா. அதற்கு மேல் ஒரு சொல்லில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த வாளியை வைத்தே வருஷக்கணக்காய்ப் பகிடி பண்ணியிருப்பேன்.

அந்த நாலில் ஒன்று இப்போதும் என் அலுமாரியில் இருக்கிறது. நசுங்கினது நசுங்கினதுதான், திரும்ப எழும்பாது. அதைக் காணும்போதெல்லாம், என்மேல் விழ இருந்த சிரிப்பைச் சத்தமில்லாமல் தன்மேல் வாங்கிக்கொண்ட அந்த மனிதரின் நினைவு வந்து, என் வாய்க்கு வந்த பகிடி பாதியில் நின்றுவிடுகிறது.