வெளியே நின்று அடித்த கோல்

யுத்தம் முடிந்த மறுவருஷம் நான் மதுரையில் கல்லூரி மாணவன். ஹாக்கி அணியில் முன்வரிசையில் ஆடுவேன். கல்லூரிகளுக்கிடையிலான கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள் கொட்டிய மழையில் மைதானம் குளமாகிவிட்டது. "எங்க ஊர்ப் பக்கம் ஒரு சொட்டு இல்ல சார்" என்று விளையாட்டு வாத்தியாரிடம் நான்தான் சொன்னேன். ஆட்டம் எங்கள் ஊரான அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு மாறியது.

தறிகளை நிறுத்திவிட்டு எங்கள் தெருவே வந்திருந்தது. நைனாவும் வந்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசும் நாங்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஆளுக்கொரு கோல். முடியச் சில நிமிஷங்களே இருக்கும்போது பந்து என்னிடம் வந்தது. அடித்தேன், உள்ளே போனது. அம்பயர் கோல் என்று கைகாட்டினார். எங்கள் தெருக்காரர்கள் போட்ட கூச்சல் காதைப் பிளந்தது.

கோல் கம்பத்துக்கு முன்னால் போட்டிருக்கும் அரைவட்டத்துக்குள் நின்று அடித்தால்தான் கணக்கு. சுண்ணாம்புக் கோட்டைக் காற்று பாதி கலைத்திருந்தது. ஆனாலும் என் காலடியில் தெரிந்தது. நான் ஒரு முழம் வெளியே நின்றிருந்தேன்.

அம்பயரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். கோலை ரத்து செய்தார். அடுத்த நிமிஷமே எதிரணி ஒரு கோல் போட்டு ஜெயித்துவிட்டது.

எங்கள் கேப்டன் காரியாபட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. அதன்பின் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

வருஷக் கடைசியில், நேர்மையாக ஆடியவனுக்கென்று ஒரு சின்னக் கோப்பை எனக்குக் கிடைத்தது. கேப்டன்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கும் பெயருக்குத்தான் அது போகும். எங்கள் கேப்டனும் என் பெயரைத்தான் எழுதினான் என்று விளையாட்டு வாத்தியார் சொன்னார்.

விடுதிக் குழாயடியில் அவனிடம் கேட்டேன்.

"எழுதுனேன். அதுக்காகக் கோவம் போயிருச்சுன்னு நெனைக்காதலே."

"பெறகு எதுக்கு எழுதுன?"

"வேற யார் பேர எழுதச் சொல்ற?" என்றவன், சோப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

கோப்பையோடு ஊருக்குப் போனேன். நைனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோத்தவுகளுக்கும் குடுப்பாகளா?" என்று தெலுங்கில் கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். நைனாவின் முகம் மாறியது. அன்றைக்கு அம்பயர் எங்களை ஏமாற்றிவிட்டதாகவே தெருவில் எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். நைனாவும் சேர்ந்து ஏசியிருக்கிறார்.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். "அந்த அம்பயர் மேல தப்பே இல்லையாம்" என்று அவர் சொல்வது எங்கள் வாசல்வரை கேட்டது.