துவைகல்லாகக் கிடக்கும் அண்ணனின் லேத்

அண்ணனின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் தங்கையின் வணக்கம். நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தே பாதி வயதைக் கழித்தவள். "நீதான் கூடவே இருந்தவ. நாலு நல்ல வார்த்தையா எழுதிக் குடு தாயி" என்று பெரியண்ணன் சொன்னார். நல்ல வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம்தான் வந்தது. அதையும் அண்ணனுக்காகவே எழுதுகிறேன்.

அண்ணன் பண்ணைப்புரத்தில் பிறந்தார். எங்கள் அப்பா ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர். அப்பா காய்ச்சலில் தவறியதும் அம்மா எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு தன் தாய்வீடு இருந்த இந்த ஊருக்கு வந்துவிட்டார். பெரியண்ணன் திராட்சைத் தோட்டம் பார்த்து முன்னுக்கு வந்தார். அண்ணனுக்குப் பஞ்சாயத்தில் குடிநீர் மோட்டார் போடும் வேலை. காலையிலும் மாலையிலும் தெருத்தெருவாகப் போய் வால்வைத் திறந்து மூடுவார். ஊரில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. 'தண்ணி தொறக்குறவரு', அவ்வளவுதான்.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. தேனியில் நடந்த ஒரு முகாமில் இரும்புப் பட்டையும் தோலும் வைத்த கேலிபர் கொடுத்தார்கள். அதை மாட்டினால் நிற்கலாம், நடக்கலாம். ஆனால் முட்டியில் ஒரு பூட்டு உண்டு. உட்காரும்போது குனிந்து, சேலையை முட்டிக்கு மேல் தூக்கி, அந்தப் பூட்டைக் கையால் திறக்க வேண்டும். எழுந்ததும் மறுபடி குனிந்து பூட்ட வேண்டும். கோவிலில், கல்யாண வீட்டில், பஸ்ஸில், அத்தனை பேர் கண்முன்னால். அதற்கு அஞ்சியே நான் போகாத விசேஷங்கள் ஏராளம். தொண்ணூற்றாறில் ஈஸ்டர் திருப்பலியில் தேய்ந்த பூட்டு நழுவி, நற்கருணை வாங்கும் வரிசையிலேயே விழுந்தேன். சேலை விலகிக் கிடந்த என்னை அண்ணன்தான் தூக்கினார். வீட்டுக்கு வந்ததும் கேலிபரைக் கழற்றி, அந்தப் பூட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அரத்தால் ராவிப் பார்த்தார். துளை வட்டமாக வரவில்லை. இரும்பைக் கடையும் லேத் வேண்டும் என்றார். வாங்க வழியில்லாததால் அதையே செய்யத் தொடங்கினார். பின்பக்கக் கொட்டகையில் பலகைச் சட்டம் அடித்து, சிமெண்டும் ஜல்லியும் வார்த்துப் படுகை செய்தார். அதன்மேல், மூடிப்போன ஓர் அச்சகத்தில் கிடைத்த இரண்டு எஃகுத் தண்டுகளைப் பதித்தார். பேரிங் ஒரு பழைய ஜீப்பிலிருந்து வந்தது. மோட்டார் மாவாட்டும் கிரைண்டருடையது. சிமெண்ட் இறுகும்வரை ஈரச்சாக்கு போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினார். வீட்டில் எல்லோருக்கும் அது வேடிக்கை.

"ஊருக்குத் தண்ணி விட்டது பத்தாதுன்னு இரும்புக்கும் பாய்ச்சுறான் பாரு" என்றார் பெரியண்ணன்.

"மொளைச்சதும் சொல்லுங்க கொழுந்தனாரே, பறிச்சுக் கொழம்பு வைப்போம்" என்றார் மதினி.

"மொளைக்கும் மதினி, மொளைக்கும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் அடுத்த குடத்தை ஊற்றினார்.

முளைத்தது. முதல் பூட்டு ஒரு மாதம் தாங்கியது. இரண்டாவது ஒரு வருடம். ஆனாலும் குனிந்து திறக்கும் வேலை தீரவில்லை. சில வருடங்கள் கழித்து, ஒரு பிரவுசிங் சென்டரில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில், இயந்திரப் பாகங்களை வரையும் இலவச மென்பொருள் ஒன்று இருந்தது. பெரியண்ணன் அதையும் விடவில்லை.

"ஓசில ஒருத்தன் குடுக்குறான்னா எதுக்குக் குடுக்குறான்? யோசிக்க மாட்டியா?"

"எல்லாரும் எடுத்துக்கிடுங்கன்னுதாண்ணே எழுதிருக்காக."

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டார். என் காலை அளந்து அளந்து திரையில் வரைந்தார். படத்தைச் சுற்றிக் காட்டியபோது, என் முட்டியை நான் முதன்முதலாகப் பின்பக்கமிருந்து பார்த்தேன். அந்தப் பின்பக்கத்தில்தான் அண்ணனுக்கு வழி கிடைத்தது. அங்கே ஒரு வளைந்த கம்பியை வைத்தார். உட்காரப் போகும்போது அது நாற்காலி விளிம்பில் பட்டால் பூட்டு தானே திறக்கும். எழுந்து நின்றால் 'டக்' என்று தானே பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு நான் யார் முன்னாலும் சேலையைத் தூக்கியதில்லை. இந்த வீட்டுக் கல்யாணங்களுக்கு நான் வந்தது அதற்குப் பிறகுதான். யாராவது கவனித்தீர்களா?

உங்களுக்கும் அவர் செய்திருக்கிறார். மருந்தடிக்கும் மிஷினுக்குப் பித்தளை மூக்கு, கிரைண்டருக்குப் புஷ், மிக்ஸிக்கு அடிப்பல். கொண்டுவந்து கொடுத்தீர்கள், வாங்கிப் போனீர்கள். அடக்கத்தன்று, "கல்யாணங்கூட முடிக்காம இரும்போடயே போயிட்டாரு" என்று பந்தலில் பேசினீர்கள். உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சிறுநீரகம் கெட்டு, தேனி மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்தார். கடைசியாகத் தெளிவாகப் பேசியது என் காலைப் பற்றித்தான். "பூட்டுல வெளிப்பக்கத்து ஆணி, அந்தப் பின்னு, சீக்கிரம் தேஞ்சுரும் தாயி. வீட்டுக்கு வந்ததும் ரெண்டு கடைஞ்சு வச்சுருவோம்." வீட்டுக்கு அவர் உயிரோடு வரவில்லை.

முப்பதாம் நாள் மன்றாட்டுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பெரியண்ணன் கொட்டகையை ஒழிக்கச் சொன்னார். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் சம்மட்டிச் சத்தம் கேட்டது. சுவரைத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தபோது, சிமெண்டிலிருந்து பெயர்த்த தண்டுகள் இரண்டும் பழைய இரும்புக்காரரின் வண்டியில் கிடந்தன. மோட்டார், பேரிங் எல்லாம் அதற்கு அடியில்.

"கல்லு இங்கனயே கெடக்கட்டும். துவைக்க ஆகும்" என்றார் பெரியண்ணன்.

வண்டிக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "வேற இரும்பு எதுவும் கெடக்கா ஆத்தா?"

"இல்லண்ணே" என்றேன். அன்று நான் பேசியது அந்த ஒரு சொல்தான். தடுத்திருக்கலாம். கத்தியிருக்கலாம். இந்த ஒரு வருடமாக உங்கள்மேல் எவ்வளவு கோபமோ, அந்தச் சொல்லைச் சொன்ன என் வாய்மேலும் அவ்வளவு கோபம்.

அண்ணன் சொன்னபடியே அந்தப் பூட்டுப் பின் தேய்ந்தது. அவர் படத்தைப் பதிந்து என் தையல் பெட்டியில் போட்டுவைத்திருந்த சிடியை எடுத்துக்கொண்டு, தேனியில் ஒரு லேத் பட்டறைக்குத் தனியாகப் போனேன். மென்பொருளும் படமும் அந்த ஒரே சிடியில் இருந்தன. பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் போட்டதும் திறந்துகொண்டது. ஓசியில் வந்ததால்தான் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்தது. கூட வந்த பட்டறைக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா வரஞ்சது? எஞ்சினியரா?"

"தண்ணி தொறக்குறவரு. எங்கண்ணன்" என்றேன்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் பெரியண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டார். "வெறுங் கல்லுன்னுதான் தாயி நெனச்சேன். தெரியாமப் போச்சு" என்றார். பத்து வருடத்துக்கு மேல் கண்முன்னால் சுற்றிய மிஷின். தெரியாவிட்டால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனாலும், "எழுதுனதுல ஒரு வரியும் எடுக்க வேணாம்" என்று அவரே சொன்னார். அதற்காக அவருக்கு நன்றி.

மருத்துவமனையில் மாற்றி மாற்றித் துணையிருந்த பஞ்சாயத்து ஊழியர்களுக்கும், அடக்கச் சடங்கை முன்னின்று நடத்திய பங்குத்தந்தைக்கும், படத்தில் உள்ளபடியே இரண்டு பின்கள் கடைந்து தந்த பட்டறைக்காரருக்கும், முகம் தெரியாத எல்லாருக்குமாக அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கும் நன்றி.

திருப்பலி முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வருவீர்கள். பின்பக்கம் ஒரு சிமெண்ட் கல் கிடக்கும். அதன்மேல் யாரும் கை கழுவ வேண்டாம், துணி வைக்க வேண்டாம். அது அண்ணனின் லேத். பந்தியில் நானும் உங்களோடு உட்காருவேன். எழும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த வண்டிக்காரர் கேட்டதற்கு அன்று தப்பாகப் பதில் சொல்லிவிட்டேன். இரும்பு இருக்கிறது. என் காலில் இருக்கிறது.

தங்கை