அவளிடம் மூன்று மன்னிப்பு

இன்று உத்திரமேரூர் பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தால், என் வீட்டுக்காரர் எவளோ ஒருத்தியோடு டூயட் பாடுகிறார்.

பாட்டு ஆப்பில் ஆண் குரலை மட்டும் இவர் பாடிப் போட்டிருக்கிறார். வாலாஜாபாத்காரி ஒருத்தி பெண் குரலைச் சேர்த்துவிட்டாள்.

காதலர்கள் சண்டை போட்டுப் பிரிகிற பாட்டு. அதில் இவர் அவளிடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்கிறார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

உடனே போன் போட்டேன். "யாருய்யா அவ?"

"எனக்கு இன்னா தெரியும்? மொதல்ல உன்னத்தான பாடக் கூப்ட்டேன். வேல கீதுன்னுட்ட."

வீட்டுக்கு வந்ததும் பெண் குரலை நானே பாடிப் போட்டேன். சுருதி சேரவில்லை, கோபம் நன்றாகவே சேர்ந்தது.

முதல் லைக் அவளுடையது. "சூப்பர் அக்கா" என்று வேறு எழுதியிருக்கிறாள்.

எங்கள் வீட்டுச் சண்டையில் அவளுக்கு என்ன வேலை, நீங்களே சொல்லுங்கள்.