அவுட்டோர் பக்கத்துக் கட்டில்

ஏசி ரிப்பேருக்கு வந்த ஆள் மெஷினை விட்டுவிட்டு, அந்த வீட்டு மனுஷரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் போனாராம். எங்கள் கட்டடத்துக் காவலாளி சொல்லி இஸ்திரிக்காரர் கேட்டது. அவர் என்னிடம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே ஆளைத்தான் மறுநாள் என் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். பிழைக்க வந்த ஊரில் வாடகைக்கு இருப்பவனுக்கு, ஆளை வெளியேற்றும் எந்தக் கதையும் அடுத்தது தன் கதைதான் என்றே படும்.

அந்த ஏசிக்காரரை எல்லோரும் ‘கம்ப்ரசர்’ என்பார்கள். படியேறும்போது நெஞ்சு விடும் சத்தத்துக்கு வைத்த பெயர். அவரே போனில் “கம்ப்ரசர் பேசறேன்” என்பார். இருபது வருடத் தொழில். கூட்டாளி ஒருவர் ஐந்தாம் மாடி வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கி வேலை செய்யும்போது விழுந்து செத்தார். அதிலிருந்து கம்ப்ரசர் ஜன்னலுக்கு வெளியே கையை மட்டும்தான் நீட்டுவார். அன்றுவரை அதை யாரிடமும் சொன்னதில்லையாம். சொன்னால் யார் கூப்பிடுவார்கள்?

என் வீட்டு மெஷினைத் திறந்துவைத்துக்கொண்டு, நான் கேட்காமலே அவர் சொன்னார்.

எதிர்க் கட்டடம், நாலாம் மாடி. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். கூடவே புருஷனின் அண்ணன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருக்கென்று பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து ‘ரூம்’ ஆக்கியிருந்தார்கள். ஏசியின் அவுட்டோர் யூனிட் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. அதன் ஃபேன் நேராக அண்ணனின் தலையணையைப் பார்த்திருந்தது.

பதினைந்து நிமிடத்தில் ஏசி நின்றுவிடுகிறது என்பது புகார். கம்ப்ரசர் தூசியைத் தட்டித் தண்ணீர் அடித்துக் கழுவினார். கெப்பாசிட்டரை மாற்றினார். மறுபடி நின்றது. யூனிட்டின் தகட்டில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. சுவரில் ஒரு கண்ணாடி வெப்பமானி தொங்கியது. அண்ணன் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்தது. நாற்பத்தொன்பது காட்டியது.

“அண்ணே, இதுக்குள்ளயா படுக்கறீங்க?”

“பழகிடுச்சு தம்பி. ஈரத்துண்டு ஒண்ணு நெஞ்சுல போட்டுக்குவேன். அரை மணியில காஞ்சிடும். துணி காயப்போட வேற இடமே தேவையில்ல.”

தம்பி மனைவி வந்து நின்றாள். “மெஷினுக்கு என்னண்ணே?”

“விடற சூட்டையே திரும்ப இழுக்குதும்மா. இந்த அடைசல்ல மூச்சு முட்டி நின்னுடுது.”

“ஐயோ பாவம்” என்றாள். மெஷினைப் பார்த்துத்தான்.

“இப்ப என்ன பண்ணணும்ங்கற?” என்று கம்ப்ரசரிடம் கேட்டான், அவள் பின்னால் வந்த தம்பி.

இரண்டு வழி இருந்தது. வெளிச்சுவரில் இரும்பு ஸ்டாண்ட் அடித்து யூனிட்டை அங்கே மாட்டலாம். அரை நாள் வேலை. இல்லையென்றால் கண்ணாடியை எடுத்துவிட்டு, ஃபேனுக்கு முன்னால் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“வெளிய மாட்டிடலாமே தம்பி” என்றார் அண்ணன். “சுவர் கான்கிரீட்டுதான். நான் தட்டிப் பார்த்தேன்.”

கம்ப்ரசர் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். நின்றிருந்த கார்கள் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன. ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

“சுவர் தாங்காதுண்ணே.”

“அப்ப கட்டில்தான் போகணும்” என்றாள் தம்பி மனைவி. வாயிலேயே வைத்திருந்த மாதிரி வந்து விழுந்தது.

“ஹால்ல ஒரு ஓரமா…” என்று இழுத்தார் அண்ணன்.

“பிள்ளைங்க எங்க படிக்கும், மாமா?”

தம்பி வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தான். “டெக்னீஷியனே சொல்றாரு, நம்ம கையில என்ன இருக்கு?”

அன்றே கண்ணாடியை எடுத்தார்கள். கட்டில் லிஃப்டில் நுழையவில்லை. ஒரு முனையைத் தம்பி பிடிக்க, மறு முனையைக் கம்ப்ரசரே பிடித்துப் படியில் இறக்கினார். தலையணையும் வெப்பமானியுமாக அண்ணன் முன்னால் இறங்கிக்கொண்டே, “பார்த்து தம்பி, முனை இடிக்குது. மெதுவா, மூச்சு வாங்குது உங்களுக்கு” என்று வழி சொன்னாராம்.

இப்போது அவர் ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் இருக்கிறார். எட்டுப் பேர் ஒரே அறையில். மெஷினை வெளியே மாட்டியதும் கூப்பிட்டுக்கொள்கிறோம், எப்போது என்று ஏசிக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று தம்பி வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். யூனிட்டின் மேல் மார்க்கரில் எழுதிவைத்த கம்ப்ரசரின் நம்பரை அண்ணன் எப்போதோ குறித்து வைத்திருந்தார்.

“தினம் பதினொரு மணிக்கு போன் அடிப்பாரு சார். ‘சுவர் என்ன ஆச்சு தம்பி?’ ‘பார்த்துட்டிருக்கோம்ணே’ம்பேன். ஒரு நாள் அங்க எவ்வளவு சூடுன்னு கேட்டேன். ‘இருபத்தெட்டுதான் தம்பி, ஜில்லுன்னு இருக்கு. தூக்கம்தான் வரல’ன்னாரு.”

“சுவர் நிஜமாவே தாங்காதா?”

அவர் கடைசித் திருகாணியை முறுக்கி, மெஷினைப் போட்டுவிட்டு, போய்க் கை கழுவி வந்தார்.

“நாலு மெஷின் தாங்கும் சார்.”

தரையில் விரித்திருந்த செய்தித்தாளின் மேல் அவருடைய போன் அதிர ஆரம்பித்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று.

“எடுங்களேன்” என்றேன்.

“கையெல்லாம் அழுக்கு சார்.”

சற்று முன்தான் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். அந்தக் கையை என் மெஷினின் முதுகில் வைத்து, “இப்ப சூடே இல்ல பாருங்க, அருமையா ஓடுது” என்றார். நானும் கை வைத்துப் பார்த்தேன். போன் அதிர்ந்து அதிர்ந்து செய்தித்தாளை விட்டு நகர்ந்து, வெறும் தரைக்கு வந்து, இன்னும் பலமாக அடித்துக்கொண்டிருந்தது.