பாவைப்பிள்ளையின் கன்னத்தில் ஒரு பொட்டு

எழுபதுகளில் மெல்பேர்ணில் ஒரு ஸ்டூடியோவில் எனக்கு வேலை கிடைத்தது. பழைய படங்களைத் திரும்பப் பிடித்துப் பெரிதாக்குவார்கள். அவற்றில் தெரியும் கறைகளையும் கீறல்களையும் மெல்லிய தூரிகையால் மறைப்பது என் பொறுப்பு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முதலாளிக்குப் பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஒருநாள், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படமொன்று வந்தது. கதிரையில் ஒரு சிறுமி விறைத்துப்போய் இருந்தாள். அந்தக் காலத்துக் கமராவுக்கு மூச்சுவிடாத குறையாக இருக்கவேண்டும், பாவம். மடியில் பீங்கான் முகத்துப் பாவைப்பிள்ளை. சிறுமியின் கன்னத்தில் ஒரு கரும்புள்ளி. பாவைப்பிள்ளையின் கன்னத்திலும் அதே இடத்தில் ஒன்று.

அவை பொட்டுகள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கண்ணூறு படாமல் என் மகளுக்குக் கன்னத்தில் கறுத்த பொட்டு வைத்தால், "அம்மா, இவவுக்கும் வையுங்கோ" என்று தன் பாவைப்பிள்ளையை நீட்டுவாள். வெள்ளைக்காரத் தாய்மாருக்கும் இந்தப் பயம் இருக்குமாக்கும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மற்றக் கறைகளை எல்லாம் மறைத்தேன். அந்த இரண்டையும் தொடவில்லை.

முதலாளி பார்த்துவிட்டுக் குதித்தார். கறை என்றால் கறைதான், அழி என்றார். பிள்ளையின் பொட்டை அழிக்க எனக்குக் கை வரவில்லை. மாட்டேன் என்றேன்.

வீட்டில் கணவர் தலையில் கைவைத்துவிட்டார். "உமக்கென்ன விசரே? அந்தப் பிள்ளை செத்தே எவ்வளவு காலமோ! இனி ஆருடைய கண்ணூறு படப்போகுது?"

"அதுக்காக அழிக்கேலுமே?" என்றேன்.

மறுநாள் படத்துக்குரிய பெண்மணி வந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. முதலாளி என்னைக் காட்டி மன்னிப்புக் கேட்டார். அவரோ, படத்தில் இருப்பது தன் தாய், கன்னத்தில் இருப்பது மச்சம், அதை விட்டதுதான் சரி என்றார். கண்ணூறும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை! என் முகத்தில் அசடு வழிந்தது. முதலாளி அடுத்த படத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வேலை தப்பியது.

பெரிதாக்கிய படத்தில்தான் அந்தப் பெண்மணி பாவைப்பிள்ளையின் கன்னத்தைக் கவனித்தார். இது என்ன என்று கேட்டார். பிள்ளைதான் மையால் வைத்திருக்கும், என் மகளும் தன்னைப்போலவே தன் பாவைப்பிள்ளைக்கும் வேண்டும் என்பாள் என்றேன்.

அவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். தாய் அந்த மச்சத்தை வாழ்நாள் முழுவதும் கையால் மறைத்துக்கொண்டே திரிந்தாராம். அதற்குப் பிறகு ஒரு படத்துக்கும் நிற்கவில்லையாம்.

"அப்படியென்றால், ஒருகாலத்தில் அம்மாவுக்கு அது பிடித்திருந்ததா?" என்று என்னைக் கேட்டார்.