என் பை தெரிந்தவர்

என் கணவரைக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறக்கியது நான்தான். துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, ஓர் 'அண்ணா'கூடப் போடாமல், "நாளைக்கும் சீட் போட்டு வைக்கிறேன்" என்று அவர் போனுக்கு அனுப்பியிருந்தாள். பார்த்த அன்றே ஆடித் தீர்த்துவிட்டேன். மூன்று நாள் அவர் முகத்தில் முழிக்கவில்லை. நாலாம் நாள் அவர் வாயே திறக்காமல் ஸ்ரீரங்கத்திலிருந்து பைக்கிலேயே வேலைக்குப் போக ஆரம்பித்தார். சித்திரை வெயிலில் முன்கை இரண்டும் கறுத்துப்போயின. பாவமாக இருந்தது, ஆனாலும் ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

எனக்கு மன்னார்புரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை. வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பேன். போகிற டவுன் பஸ்ஸில் உட்கார இடமே கிடைக்காது. நிற்பவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடுவது எங்கள் பஸ் வழக்கம். யார், எவர் என்று கேட்பதில்லை, நன்றியும் சொல்வதில்லை. அப்படித்தான் என் சாப்பாட்டுப் பையும் ஒருவர் மடிக்குப் போனது. வலது கையில் வாட்ச் கட்டியிருப்பார். குழம்பு சிந்தாமல் பையை நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார். அவ்வளவுதான். ஐந்து மாதமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவர் எந்த சீட்டில் இருக்கிறார் என்று தேடிப்போய் நிற்க ஆரம்பித்திருந்தேன். அவர் வராத நாளில் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. காலையில் கண்ணாடி முன்னால் ஐந்து நிமிஷம் கூடுதலாகத் தேவைப்பட்டது. இது தப்பா என்று என்னையே கேட்டு, தப்பில்லை என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பைக் மெக்கானிக்கிடம் இருந்தது. "சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் உன்கூட பஸ்ல வரேன், அங்கேர்ந்து மாறிக்கிறேன்" என்றார் கணவர்.

சட்டென்று சொன்னேன், "ஆட்டோல போங்களேன், கூட்டமா இருக்கும்."

"எனக்கென்ன கூட்டம் புதுசா?" என்று சிரித்தார்.

பஸ்ஸில் ஏறியதும் வேண்டுமென்றே பெண்கள் பக்கமாக ஒட்டி நின்றேன். திருவானைக்கோவிலில் ஏறிய கூட்டம் எங்களைப் பின்னால் தள்ளியது. தள்ளிய இடத்தில் வாட்ச்காரர் உட்கார்ந்திருந்தார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவர் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பையின் பச்சைக் காதைக் கண்டதும், நான் கொடுக்காமலே கையை நீட்டினார்.

என் கணவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குடு. பாவம், எவ்ளோ நேரம் நீட்டிக்கிட்டு இருப்பார்" என்றார்.

கொடுத்தேன். வாட்ச்காரர் வழக்கம்போல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். காவேரிப் பாலம் முடிகிறவரை நான் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது.

சத்திரம் வந்ததும் என் கணவர் குனிந்து, "யாரு?" என்றார்.

"தெரியாதுங்க."

"தெரியாதவருக்கு உன் பை தெரிஞ்சிருக்கே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று முழுக்க டோக்கன் எண்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். சாயங்காலம் வீட்டில் கணவர் கையில் காபியைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடி உட்பட. கோபம் வந்தால் அவருக்குக் குரல் இறங்கிவிடும். என்னைப்போல் கத்தித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது.

"நாளையிலேர்ந்து நீங்க கம்பெனி பஸ்லயே போங்க" என்றேன்.

"போறேன். ஆனா எனக்கு சீட் போட யாரும் இல்ல. நீ சண்டை போட்ட அன்னிக்கே அந்தப் பொண்ணுகிட்ட பேச்ச நிறுத்திட்டேன். என்ன தப்பு பண்ணேன்னு அது கேட்டுச்சு. நான் பதில் சொல்லல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நானும் பஸ்ஸ மாத்திக்கிறேன். மாத்திக்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

காபியைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார். "அத நான் சொல்ல மாட்டேன். சொல்லி நிறுத்துனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

மறுநாள் அதே பஸ்ஸில்தான் ஏறினேன். வாட்ச்காரர் கையை நீட்டினார். "வேணாங்க, இருக்கட்டும்" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. மன்னார்புரம் வரை பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்றேன். இறங்கிப் பார்த்தால் குழம்பு சிந்தியிருந்தது.